நோட்டுப் புத்தகமும் கையுமாக அலைந்த வாலிபர்

பரீட்சையில் தோல்வி, வேலை இல்லை, 22 வயதில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினார்!

உங்கள் வீட்டில் 22 வயதுப் பிள்ளை ஒருவன் இருக்கிறானா? பரீட்சையில் தவறிவிட்டு, வேலையும் கிடைக்காமல், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறானா?

"உன் பையன் என்ன செய்கிறான்?" என்று தெருவில் போகிறவர்கள் கேட்கும்போது, பதில் சொல்ல முடியாமல் நீங்கள் தலையைக் குனிந்துகொள்கிறீர்களா?

அப்படியானால் இந்தக் கதை உங்களுக்காகத்தான்.

கதை என்றதும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். எல்லாம் நடந்ததுதான். கும்பகோணத்தில் ஆரம்பித்து, திருக்கோவிலூர், நெல்லூர், சென்னைத் துறைமுகம் என்று சுற்றி, கடைசியில் சீமைக்குப் போய் நின்ற கதை.

இதில் வரும் வாலிபரின் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கணித மேதை ராமானுஜம்!

அவர் சீமையில் புகழ் பெற்றதைப் பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் 7 வருடம் அவர் என்ன பாடு பட்டார்? யார் அவருக்கு வழி சொன்னார்கள்? யார் தைரியம் கொடுத்தார்கள்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

32 ரூபாய்

ராமானுஜம் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி ஈரோட்டில், பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெருவில்.

தகப்பனார் சீனிவாச அய்யங்கார், ஜவுளிக்கடைக் குமாஸ்தா. மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பள்ளிக்கூடத்தில் ராமானுஜம் கெட்டிக்காரர். கணக்குக்குப் பரிசு வாங்கினார். 1904-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தபோது உபகாரச் சம்பளமும் கிடைத்தது.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

கணக்கைத் தவிர வேறு எதையும் அவர் தொடவில்லை. ஆங்கில வகுப்பு நடக்கும். அவர் கணக்குப் போடுவார். சரித்திர வகுப்பு நடக்கும், அப்போதும் கணக்குத்தான். ஆங்கிலத்தில் தோற்றார். உபகாரச் சம்பளம் பறிபோயிற்று.

தாயார் நேராகக் கல்லூரித் தலைவரிடமே போய்க் கேட்டுப் பார்த்தார். பலன் இல்லை.

கல்லூரிச் சம்பளம் ஒரு பருவத்துக்கு 32 ரூபாய். தகப்பனார் ஒன்றரை மாதம் உழைத்தால்தான் அந்தப் பணம் வரும். ராமானுஜம் வெட்கம் தாங்காமல் 1905-ல் ஒருவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிவிட்டார். அப்போது வயது 17.

பிறகு திரும்பி வந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். நோய் வந்தது. "எப்.ஏ." பரீட்சை எழுதினார். (இப்போதைய 11, 12-ம் வகுப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) தோல்வி. 1907 டிசம்பரில் மறுபடி எழுதினார். மறுபடியும் தோல்வி.

அதே மாதத்தில்தான் அவருக்கு 20 வயது முடிந்தது.

திண்ணை வாழ்வு

கல்லூரிக் கதவு மூடிவிட்டது. பட்டம் இல்லை. பட்டம் இல்லாததால் வேலை இல்லை.

கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் ஒரு பெரிய சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். துணியால் அழிக்க நேரம் இல்லை. முழங்கையாலேயே அழிப்பார். விடை வந்ததும், அதை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். நடுவில் உள்ள வழி எல்லாம் சிலேட்டோடு அழிந்துபோகும். காகிதம் வாங்கக் காசு ஏது?

பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை. பரீட்சைக்கு என்ன வேண்டும் என்று பையன்கள் பார்ப்பார்கள். அவரோ பாடப் புத்தகத்தை விட்டு எங்கேயோ போய்விடுவார்.

பெற்றோர் என்ன செய்வார்கள்? கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அந்தக் காலத்து வைத்தியம். 1909-ம் ஆண்டு ஜூலை 14-ந்தேதி கல்யாணம் நடந்தது. பெண், ராஜேந்திரம் என்ற ஊரைச் சேர்ந்த ஜானகி. வயது 10! (இப்போது அது சட்டப்படி குற்றம். அப்போது அதுதான் வழக்கம்.) ஜானகி உடனே புக்ககம் வந்து வாழ ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் பொறுப்பு, பொறுப்புத்தானே?

அடுத்து ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. பணம் இல்லாமல் அது மாதக் கணக்கில் தள்ளிப்போயிற்று. 1910 ஜனவரியில் ஒரு டாக்டர் பணம் வாங்காமலே செய்து கொடுத்தார்.

அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்டால், அவர் மனம் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பது புரியும்.

சென்னையில் ராதாகிருஷ்ண அய்யர் என்ற நண்பரிடம் வந்து தங்கியிருந்தார். உடம்பு மோசமாகிவிட்டது. நண்பர் டாக்டரிடம் காட்டி, ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார். புறப்படும்போது ராமானுஜம் தம் இரண்டு நோட்டுப் புத்தகங்களை அவர் கையில் கொடுத்தார். தாம் பிழைக்காமல் போனால், பச்சையப்பன் கல்லூரி ஆசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸ் என்பவரிடமோ அவற்றைச் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார்.

வீடு இல்லை, நிலம் இல்லை, நகை இல்லை. அந்த வாலிபரிடம் இருந்த சொத்து அந்த இரண்டு நோட்டுகள்தான்.

சிங்காரவேலு முதலியாரின் பெயரை அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. பச்சையப்பனில் படித்தபோது, ராமானுஜத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கணிதப் பத்திரிகைகளில் வரும் கேள்விகளுக்குச் சேர்ந்து விடை தேடியவர் அவர். பரீட்சையில் தோற்ற மாணவனைச் சமமாக நடத்திய ஆசிரியர்!

வேலை தர மறுத்தவர்

உடம்பு தேறியது. ராமானுஜம் வேலை தேடிப் புறப்பட்டார். சிபாரிசுக் கடிதம் இல்லை. நற்சாட்சிப் பத்திரம் இல்லை. நோட்டுப் புத்தகமே நற்சாட்சி.

திருக்கோவிலூரில் வி. ராமசாமி அய்யர் என்ற டிப்டி கலெக்டர் இருந்தார். உத்தியோகம் வருவாய்த் துறை. ஆசை எல்லாம் கணக்கின் மேல். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவரே அவர்தான்.

1910-ல் ராமானுஜம் அவரைத் தேடிப் போனார். தாலுகா கச்சேரியில் ஒரு சின்னக் குமாஸ்தா வேலை போட்டுக் கொடுத்தால் போதும் என்று கேட்டார்.

டிப்டி கலெக்டர் நினைத்திருந்தால் அன்றைக்கே வேலை கொடுத்திருக்கலாம். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பிரமித்துப் போனார்.

வேலை கொடுக்கவில்லை!

இப்படிப்பட்ட மூளையை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து நசுக்கிவிட மனம் வரவில்லை என்று பிற்காலத்தில் அவர் காரணம் சொன்னார்.

பசியோடு வந்த வாலிபருக்கு அந்தப் பதில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் டிப்டி கலெக்டர் வெறும் கையோடு அனுப்பவில்லை. சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அதுதான் முக்கியம். "நீ பெரிய ஆளாக வருவாய்" என்று முதுகில் தட்டிவிட்டு, வேலையும் தராமல், அடுத்த வழியும் காட்டாமல் இருந்தால் அது வெறும் வாய்ப் பந்தல்.

கடிதத்தோடு போய்ப் பார்த்தது பி.வி. சேஷு அய்யரை. இவர் ராமானுஜம் கும்பகோணத்தில் படித்த காலத்தில் அங்கே ஆசிரியராக இருந்தவர். இப்போது சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்தார். அவர் இன்னொரு பெரிய மனிதரிடம் அனுப்பினார்.

அந்தப் பெரிய மனிதர், நெல்லூர் கலெக்டர்.

நெல்லூரில் நடந்தது

நெல்லூர் இப்போது ஆந்திராவில் இருக்கிறது. அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்தது. கலெக்டரின் பெயர் ஆர். ராமச்சந்திர ராவ். இவருக்கும் கணக்கில் ஆசை.

1910 டிசம்பரில் ராமானுஜம் அவர் முன் போய் நின்றார். குள்ளம். பருமன். சவரம் செய்யாத முகம். உடையும் அவ்வளவு சுத்தம் இல்லை. கக்கத்தில் ஒரு கிழிந்த நோட்டு. கண்கள் மட்டும் பளபளவென்று மின்னின. இப்படித்தான் கலெக்டரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்.

கலெக்டர் நோட்டைப் பார்த்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இது அசல் சரக்கா, பித்தலாட்டமா என்றும் தெரியவில்லை. மறுபடி வரச் சொன்னார்.

ஒரு சந்திப்பில் காரியம் முடியவில்லை. மறுபடி போனார், அதற்குப் பிறகும் போனார். கலெக்டரின் சந்தேகம் தீரவில்லை. அப்போது ராமானுஜம் ஒரு கடிதப் போக்குவரத்தைக் காட்டினார். பம்பாயில் இருந்த ஒரு கணிதப் பேராசிரியருக்கு அவர் முன்பே தம் கணக்குகளை அனுப்பியிருந்தார். அந்தப் பேராசிரியருக்கும் அது முழுவதும் விளங்கவில்லை. ஆனாலும் இது போலி என்று அவர் ஒதுக்கிவிடவில்லை.

அதைப் பார்த்ததும் கலெக்டரின் மனம் கொஞ்சம் இளகியது.

அதன் பிறகு ராமானுஜம் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். எதிரே இருப்பவருக்கு எந்த அளவு கணக்குத் தெரியும் என்பதைக் கணித்துக்கொண்டார். பெரிய கணக்குகளை மூடி வைத்தார். எளிதான சிலவற்றை முதலில் காட்டினார். புத்தகங்களில் இல்லாத புதுமை அதிலேயே இருந்தது! அதிலிருந்து படிப்படியாகக் கலெக்டரை மேலே அழைத்துப் போனார். கடைசியில், உலகம் அதுவரை பார்க்காத கணக்கை எடுத்து வைத்தார்.

கலெக்டர் கட்சி மாறிவிட்டார்.

உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கவலை இல்லாமல் கணக்குப் போட வேண்டும், அதற்கு உயிர் வாழ அளவாகக் கொஞ்சம் பணம் கிடைத்தால் போதும் என்றார் ராமானுஜம்.

இந்த மூளையை நெல்லூரில் ஒரு மூலையில் முடக்குவது பாவம் என்று நினைத்த கலெக்டர், அவரைச் சென்னைக்கே திருப்பி அனுப்பினார். சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் மணியார்டர் செய்ய ஆரம்பித்தார். தகப்பனாரின் ஜவுளிக்கடைச் சம்பளத்தைவிட அது 5 ரூபாய் அதிகம்.

"சம்மர் ஹவுஸ்"

திருவல்லிக்கேணி சாமிப் பிள்ளை தெருவில் "சம்மர் ஹவுஸ்" என்று ஒரு வீடு. மாணவர்கள் பலர் சேர்ந்து தங்கியிருந்தார்கள். ராமானுஜமும் அங்கே குடியேறினார்.

அங்கே அவர் எப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்ததாக நினைக்காதீர்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். சொல்லும்போதே தமக்குச் சிரிப்பு வந்து, குடுமி அவிழ்ந்து, அதை முடிந்துகொண்டே மீதியைச் சொல்லுவாராம்.

கும்பகோணத்து நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். எல்லோரும் உன்னை மேதை என்கிறார்களே என்றார். மேதையா, என் முழங்கையைப் பார் என்று காட்டினார் ராமானுஜம். சிலேட்டை அழித்து அழித்து அது கருத்துத் தடித்துப்போயிருந்தது.

1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் அவருடைய முதல் பெரிய கட்டுரை வந்தது. அச்சில் பெயர் வந்துவிட்டது! ஆனால் அது லேசில் வரவில்லை. பெங்களூரில் இருந்த பத்திரிகை ஆசிரியருக்கு அவர் எழுதியது விளங்கவில்லை. திருப்பித் திருப்பி அனுப்பி, தெளிவாக எழுதச் சொன்னார்.

மணியார்டர் மாதாமாதம் வந்தது. உபகாரச் சம்பளம் வாங்கித் தரவும் ராமச்சந்திர ராவ் முயன்றார்; நடக்கவில்லை. அடுத்தவர் காசில் உட்கார்ந்து சாப்பிடுவது ராமானுஜத்துக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஏறக்குறைய ஒரு வருடம் ஆனதும், போதும் என்று முடிவு செய்தார்.

உதவியை வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள்?

30 ரூபாய்க் குமாஸ்தா

1912 ஆரம்பத்தில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் சில வாரம் தற்காலிக வேலை. சம்பளம் 20 ரூபாய். பிப்ரவரி 9-ந்தேதி சென்னைத் துறைமுகத்துக்கு மனுப் போட்டார்.

அந்த மனுவில் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை படித்ததையும், பல சங்கடங்களால் மேலே படிக்க முடியாமல் போனதையும் எழுதினார். ஆனால் நேரத்தை எல்லாம் கணக்குக்கே செலவிட்டதாகவும் எழுதினார். மாநிலக் கல்லூரியின் ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் ஒருவரின் சிபாரிசும் கூட இருந்தது.

மார்ச் 1-ந்தேதி வேலையில் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய்.

துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற என்ஜினீயர். அவருக்கு அடுத்தபடியாகக் கணக்குப் பிரிவைப் பார்த்தவர் எஸ். நாராயண அய்யர். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்துவிட்டு வந்தவர்.

இந்த நாராயண அய்யரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும்.

அவர் மேலதிகாரி, ராமானுஜம் கீழ்நிலைக் குமாஸ்தா. ஆனால் ராத்திரி ஆனால் இருவரும் கூட்டாளிகள். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டில் இருந்த அவர் வீட்டில், ஆளுக்கு ஒரு சிலேட்டுடன் உட்காருவார்கள். மணி பதினொன்று, பதினொன்றரை ஆகும். சிலேட்டுக் குச்சிச் சத்தம் வீட்டில் உள்ளவர்களைத் தூங்கவிடாதாம்.

ராமானுஜம் ஒரு வரி எழுதுவார். அடுத்த வரியில் விடை வந்துவிடும். நடுவில் என்ன நடந்தது என்று நாராயண அய்யருக்குப் புரியாது. எம்.ஏ. படித்த தமக்கே புரியவில்லையென்றால், சீமையில் இருப்பவன் எப்படி நம்புவான்? என் அளவுக்கு இறங்கி வா, இந்த இரண்டு வரிக்கு நடுவில் பத்து வரியாவது எழுது என்று பிடித்து உட்கார வைப்பார்.

பாராட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். "பத்து வரி எழுது" என்று சொல்லுகிறவர் ஒருவர் கிடைப்பது கஷ்டம். அதுவும், சொல்லிவிட்டுத் தானும் பக்கத்தில் கண் விழித்து உட்காருகிறவர்!

வீட்டில் இப்போது தாயாரும் ஜானகியும் இருந்தார்கள். ஆபீஸ் போகுமுன் கணக்கு, வந்ததும் கணக்கு. சில நாள் விடிய விடியக் கணக்குப் போட்டுவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து ஆபீசுக்கு ஓடுவார். சாப்பிட எழுந்தால் கணக்கு கலைந்துவிடும் என்று, சோற்றைப் பிசைந்து அவர் கையிலேயே வைப்பார்கள்.

லண்டனிலிருந்து வந்த பதில்

சென்னையில் இருந்த பெரியவர்கள் ராமானுஜத்தின் கணக்கைப் பார்த்து வியந்தார்கள். ஆனால் அது சரியா, தப்பா என்று சொல்ல ஆள் இல்லை. சீமைக்கு எழுதினால்தான் தெரியும்.

சென்னை என்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித், 1912 நவம்பரில் லண்டனில் இருந்த ஹில் என்ற பேராசிரியருக்கு எழுதினார்.

டிசம்பரில் பதில் வந்தது. பையனிடம் சரக்கு இருக்கிறது. ஆனால் பாதை தவறிப் போயிருக்கிறார் என்பது அதன் சாரம். முடிவில்லாமல் நீளும் தொடர்களைக் கூட்டும்போது எங்கே வழுக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை என்றார் ஹில். இன்ன புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள், எழுதுவதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள் என்றும் யோசனை சொன்னார்.

தப்பு என்று ஹில் நினைத்தவற்றில் சில, உண்மையில் தப்பே அல்ல. ராமானுஜம் வேறு ஒரு கணக்கில் கூட்டியிருந்தார், அதை விளக்கவில்லை. ஆனால் தெளிவாக எழுதச் சொன்னது சரியான புத்திமதி. பாதி பிசகு, பாதி சரி. பெரியவர்களின் புத்திமதி பல சமயம் அப்படித்தான் வரும். எது எந்தப் பாதி என்று பார்த்துக்கொள்வது நம் வேலை.

கேம்பிரிட்ஜில் இருந்த இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கும் எழுதிப் பார்த்தார். அவர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை.

பிறகு சேஷு அய்யர் ஒரு யோசனை சொன்னார். கேம்பிரிட்ஜில் ஹார்டி என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கு எழுது என்றார்.

1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந்தேதி அந்தக் கடிதம் புறப்பட்டது. வருடத்துக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் துறைமுகக் குமாஸ்தா என்று ராமானுஜம் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். வயது சுமார் 23 என்று எழுதினார். உண்மையில் 25 முடிந்திருந்தது! வேலை தேடி அலையும் வாலிபர்கள் வயதில் இரண்டைக் குறைப்பது புதிய சங்கதி அல்ல. கூடவே சுமார் 120 கணித முடிவுகளை எழுதி அனுப்பினார்.

ஹார்டிக்கு அப்போது வயது 35. கடிதத்தைப் பார்த்ததும் முதலில் ஏமாற்று வேலையோ என்று நினைத்தார். அன்று இரவு லிட்டில்வுட் என்ற நண்பரோடு உட்கார்ந்து அலசினார். இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும். இப்படிப் பொய்யாகக் கற்பனை செய்ய யாராலும் முடியாது என்ற முடிவுக்கு வந்தார்.

பிப்ரவரி 8-ந்தேதி பதில் எழுதினார். கணக்குகளில் ஆர்வம் உண்டாகிவிட்டது, ஆனால் நிரூபணம் வேண்டும் என்றார். அதாவது, நாராயண அய்யர் கேட்ட அதே பத்து வரி!

"அரைப் பட்டினி"

அந்தக் கடிதம் கிடைத்ததும் ராமானுஜம் பிப்ரவரி 27-ந்தேதி ஹார்டிக்கு இன்னொரு கடிதம் எழுதினார். இதைப் படிக்கிறவர்களுக்கு நெஞ்சு இளகும்.

என் உழைப்பை அனுதாபத்தோடு பார்க்கிற ஒரு நண்பரை உங்களிடம் கண்டேன் என்று எழுதினார். நான் ஏற்கெனவே அரைப் பட்டினிக்காரன், மூளையைக் காப்பாற்றிக்கொள்ளச் சாப்பாடு வேண்டும், அதுதான் இப்போது எனக்கு முதல் கவலை என்று மறைக்காமல் எழுதினார். உங்களிடமிருந்து அனுதாபமாக ஒரு கடிதம் வந்தால், அதைக் காட்டி இங்கே உபகாரச் சம்பளம் வாங்க உதவியாக இருக்கும் என்றும் கேட்டார்.

கெட்டிக்காரனாக இருந்தால் தானாக முன்னுக்கு வந்துவிடலாம் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். உலகத்தின் தலைசிறந்த கணித மூளைகளில் ஒன்று, 25 வயதில், "எனக்குச் சாப்பாடு வேண்டும், நல்லதாக ஒரு வார்த்தை எழுதுங்கள்" என்று கேட்டது. கேட்க வெட்கப்பட்டிருந்தால்?

இதற்குள் இங்கேயும் காரியம் வேகம் பிடித்துவிட்டது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ராமானுஜத்தின் வேலையைப் பார்த்துவிட்டு, பிப்ரவரி 26-ந்தேதி சென்னை சர்வகலாசாலைக்கு எழுதினார். கணிதக் குழு மார்ச் 19-ந்தேதி கூடிச் சிபாரிசு செய்தது.

ஒரு தடங்கல். ஆராய்ச்சிக்கு உபகாரச் சம்பளம் வேண்டுமானால் எம்.ஏ. பட்டம் வேண்டும். ராமானுஜம் எப்.ஏ.கூடத் தேறாதவர்! இருந்தும் சர்வகலாசாலை விட்டுக்கொடுத்தது. 1913 மே 1-ந்தேதி முதல், மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ன செய்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பல வருடங்களுக்கு முன் ஆங்கிலப் பரீட்சையில் பறிபோன உபகாரச் சம்பளம் திரும்பி வந்தது.

சிலேட்டு மாற்றம்

ஹார்டி அவரைச் சீமைக்கே அழைத்தார். முதலில் ராமானுஜம் மறுத்தார். கடல் தாண்டினால் ஜாதியிலிருந்து தள்ளி வைக்கும் காலம் அது.

1914 ஆரம்பத்தில் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் சென்னைக்குச் சொற்பொழிவு செய்ய வந்தார். ராமானுஜத்தோடு பழகிப் பேசினார். இதற்குள் தாயாரின் மனமும் மாறியிருந்தது. மகன் வெள்ளைக்காரர்கள் நடுவே உட்கார்ந்திருப்பதாகவும், அவன் வழியில் குறுக்கே நிற்காதே என்று நாமக்கல் நாமகிரித் தாயார் உத்தரவிட்டதாகவும் கனவு கண்டேன் என்றார் கோமளத்தம்மாள்.

சீமைப் பயண ஏற்பாட்டில் ராமச்சந்திர ராவ் முன்னே நின்றார். குடுமி போயிற்று, கிராப் வந்தது. வேட்டி போயிற்று, கால்சட்டை வந்தது. முள் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகினார். அந்தக் கோலத்தில் தாயாரும் மனைவியும் தம்மைப் பார்க்க வேண்டாம் என்று இருவரையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றிவிட்டார்.

புறப்படுமுன் நாராயண அய்யர் ஒன்று கேட்டார். உன் சிலேட்டை எனக்குக் கொடு, என் சிலேட்டை நீ எடுத்துக்கொள் என்றார். அதைப் பார்க்கும்போதாவது தமக்குக் கொஞ்சம் கணக்கு வரட்டும் என்று!

சிலேட்டுகள் கை மாறின.

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந்தேதி "நெவாசா" என்ற கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. ராமானுஜத்துக்கு வயது 26.

ஒரு கடிதம்

அதன் பிறகு நடந்தது உலகம் அறிந்தது. 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918-ல் ராயல் சொசைட்டி அங்கத்தினர் பதவி. அதே வருடம் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ பதவி.

கணக்குக்கு அங்கே ஹார்டி இருந்தார். ஆனால் "சாப்பிட்டாயா?" என்று கேட்க ஆள் இல்லை. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காய்கறி கிடைப்பது கஷ்டம். தாமே சமைத்து, நினைத்த வேளையில் சாப்பிட்டார். சில நாள் அதுவும் இல்லை. 1917-ல் படுத்த படுக்கையானார். கும்பகோணத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒருவருக்கு ஒருவர் போய்ச் சேராமல் நடுவிலேயே நின்றன. கோமளத்தம்மாள் மகனுக்காக எவ்வளவோ செய்தவர், இதையும் செய்தார்.

1919 மார்ச்சில் ராமானுஜம் தாய்நாடு திரும்பினார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

சீமையை விட்டுப் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பு, 1919 ஜனவரி 11-ந்தேதி, லண்டனில் புட்னி என்ற இடத்து நோயாளிகள் விடுதியிலிருந்து சென்னை சர்வகலாசாலைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு வருடம் 250 பவுன் கொடுப்பதாகச் சர்வகலாசாலை அறிவித்திருந்தது. அதற்குப் பதில்தான் அந்தக் கடிதம்.

நன்றி சொன்னார். இந்தியாவுக்குத் திரும்பியபின் தமக்கு இவ்வளவு பணம் தேவைப்படாது என்றார். அதில் வருடம் 50 பவுனைப் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு, தம் செலவு போக மிஞ்சுவதைப் படிப்புக்காகச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஏழைப் பையன்களுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் குறைக்கலாம், புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று அவரே வழியும் சொல்லியிருந்தார்.

கடிதத்தின் கடைசியில் மன்னிப்பும் கேட்டிருந்தார். உடம்பு சரியில்லாததால் இரண்டு வருடமாக முன்போல் கணக்குப் போட முடியவில்லையாம். சீக்கிரம் இன்னும் அதிகமாகச் செய்து, தமக்குக் கிடைத்த உதவிக்குத் தகுதி உள்ளவராக இருக்கப் பாடுபடுவாராம்.